செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்கள்

மேல்படிப்புக்கு அமெரிக்கா போன இடத்தில் எனக்குக் கிடைத்த வளாக வேலை, பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் வீடியோ பிரிவில். நம்ம ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நாலு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டிய அமெரிக்க ஃபுட்பால். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர்.

விசா விதிப்படி என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. சீசன் நடக்கும்போது வீரர்களுக்கும், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ வைத்திருக்கும் வரம்பு அதே 20 மணி நேரம்தான். ஆட்ட நாள் எவ்வளவு இழுத்தாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கு. மீதி 17 மணி நேரத்துக்குள் மைதானப் பயிற்சி, எடைப் பயிற்சி, கோச்சுகளோடு உட்கார்ந்து வீடியோ பார்ப்பது எல்லாம் முடிய வேண்டும். தோற்ற அணியைத் தேற்றி எடுக்கவும் அதே 17 மணி நேரம்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். மூன்றும் எங்கள் கான்ஃபரன்சுக்கு, அதாவது நாங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழக அணிகளின் குழுவுக்கு, வெளியே உள்ள அணிகளோடு ஆடியவை. அதனால் கான்ஃபரன்ஸ் பட்டியலில் நாங்கள் இன்னும் 0-0. ஆனால் 12 ஆட்டத்தில் 6 ஜெயித்தால்தான் சீசன் முடிவில் நடக்கும் பவுல் என்ற சிறப்பு ஆட்டத்துக்குத் தகுதி. மிச்சமிருப்பது ஒன்பது, அதில் ஆறு வேண்டும். ஊரில் யாரைப் பார்த்தாலும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவி கோச் ஒருவர் மட்டும் நார்த்வெஸ்டர்ன் கதையை எடுப்பார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டம் தோற்ற அணி, 1995-இல் பிக் டென் கான்ஃபரன்சை ஜெயித்து ரோஸ் பவுல் வரை போனது. நடுவில் எத்தனை வருஷம் பாருங்கள். எங்களுக்கு இருந்தது ஒரு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்குத்தான் முதல் வேலை. ஒவ்வொரு ஆட்டத் துண்டையும் வெட்டி, எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, எதிரணி எப்படி நின்றது என்று குறிச்சொல் போடுவோம். மூன்றாவது டவுனில்தான் ஓட்டை என்று வானொலி முதல் சலூன் வரை பேச்சு. தலைமைக் கோச்சும் மூன்று தோல்விகளிலும் நாங்கள் விட்ட மூன்றாவது டவுன்களை மட்டும் தொகுத்துக் கேட்டார். தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எதிரணிக்கு இரண்டு, மூன்று யார்டுதான் பாக்கி. அதைத் தடுப்பது யாருக்கும் கஷ்டம். ஓட்டை முதல் டவுனில் இருந்தது. முதல் ஓட்டத்திலேயே ஆறு, ஏழு யார்டு விட்டுக்கொண்டிருந்தோம்.

தோற்ற வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போடத்தான் கை பரபரக்கும். அவர் திட்டத்தாளில் பாதியை அடித்துவிட்டார். அவரிடம் எனக்கு இன்றுவரை மரியாதை இருப்பது அந்த ஒரு காரியத்துக்காக. தற்காப்பு அணிக்கு இந்த வாரம் ஒரே பாடம்: முதல் டவுனில் வரும் ஓட்டம், குறிப்பாக கவுன்ட்டர். அந்தச் சனிக்கிழமை எதிரணி அதில் கெட்டிக்காரர்கள். லைன் என்கிற முன்வரிசை ஒரு பக்கம் தள்ளும், பந்தை வாங்குகிறவரும் முதல் அடியை அந்தப் பக்கமே வைப்பார். அந்த முன்வரிசையில் நிற்கும் கார்டு (guard) என்ற ஆட்டக்காரர் மட்டும் பின்வாங்கி எதிர்ப்பக்கம் ஓடுவார்; பந்து அவர் பின்னால் போகும். தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். பந்தைப் பார்க்கிற லைன்பேக்கர் ஏமாந்துபோவார். கார்டைப் பார்க்கிறவர் தப்பிப்பார்.

இதைப் பழக, எதிரணியின் கார்டு மாதிரியே ஓட ஒருவர் வேண்டும். அதற்குத்தான் ஸ்கவுட் டீம். சனிக்கிழமை பெரும்பாலும் களமிறங்க வாய்ப்பில்லாதவர்கள் வாரம் முழுக்க எதிரணியாக நடிப்பார்கள். உதவியாளர் ஒருவர் வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதைப் பார்த்து அப்படியே ஆட வேண்டும். அதில் எதிரணிக் கார்டாக ஓடியவன் ஒரு வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் கிடையாது, சொந்தக் காசில் இன்ஜினியரிங் படிக்கிற பையன். எதிரணிக் கார்டின் வீடியோவைக் கேட்டு திங்கட்கிழமை, அவனுடைய ஓய்வு நாளில், எங்கள் அறைக்கு வந்தான். அந்தக் கார்டு முதல் அடியை எவ்வளவு பின்னால் வைக்கிறார், தோள் எப்போது திரும்புகிறது என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக் கவசத்தோடு பயிற்சி. முதல் சில தடவை எங்கள் லைன்பேக்கர்கள் மொத்தமாக ஏமாந்தார்கள். அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எரிச்சலில் ஒரு சீனியர் விசிலுக்கு அப்புறமும் அவனைத் தள்ளிவிட்டார். எழுந்து அடுத்த அட்டையைப் பார்க்கப் போனான். பயிற்சி முடியும்போது அதே சீனியர் சரியான இடைவெளிக்குள் வந்து அவனை எதிர்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

புதன்கிழமை பலத்த காற்று. மேலிருந்து படமெடுக்க, கேமராவோடு நாங்கள் ஏறி நிற்கும் தூக்குமேடையான லிஃப்ட்டை அன்று தூக்கவே இல்லை. 2010 அக்டோபரில் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பயிற்சியைப் படமெடுத்த மாணவர் ஒருவர், மணிக்கு 50 மைலுக்கு மேல் அடித்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து இறந்துபோனார். இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தத் தோல்வியும், எந்தக் கோணமும் ஓர் உயிருக்கு ஈடில்லை. அன்று தரையிலிருந்து எடுத்ததில் பாதித் துண்டுகளில் கார்டின் கால் தெரியவில்லை. கோச்சுகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழன் லேசான பயிற்சி, வெள்ளி ஓடாமல் நடந்தே ஒத்திகை பார்ப்பது, அப்புறம் பேருந்து. வெளியூர் ஆட்டத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போக மாட்டார்கள். அந்தப் பையன் விடுதியில் டிவியில்தான் பார்த்தான்.

ஒரு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, வித்தியாசத்தில் ஜெயித்தோம். கவுன்ட்டரில் அவர்களுக்கும் யார்டு கிடைத்தது. நாங்கள் ஒன்றும் சுவராக நின்றுவிடவில்லை. ஆனால் கடைசிக் கால்பகுதியில், முதல் டவுனில், அந்தச் சீனியர் கார்டைப் பார்த்து உள்ளே பாய்ந்து இரண்டு யார்டு நஷ்டத்தில் ஓட்டத்தை நிறுத்தினார். அவர்கள் பந்தை உதைத்துத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வெற்றிக்கான உதை அதிலிருந்துதான் வந்தது.

ஞாயிறு கூட்டத்துக்கு கோச் என்னிடம் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரச் சொன்னார். இடப்பக்கம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி, வலப்பக்கம் சனிக்கிழமை ஆட்டம். இரண்டிலும் கார்டின் முதல் அடி ஒரே மாதிரி. திரையில் அது ஓடி முடிந்ததும் முதலில் கைதட்டியது அந்தச் சீனியர்தான். அப்புறம் அறை முழுக்க அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கூட்டம் முடிந்ததும் அவன் என் மேசைக்கு வந்து, அடுத்த வாரம் ஆடப்போகும் அணியின் கார்டு வீடியோ தயாரா என்று கேட்டான்.