டெல்லிக்குப் போன மனு

சிறை வாசலில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஜனாதிபதிக்கு எழுதினால் விட்டுவிடுவார்களா அக்கா?" நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். கைதியைப் பார்ப்பதற்கும் மனு, விடுதலை கேட்பதற்கும் மனு என்பதால் அம்மா கடைசிவரை இரண்டையும் குழப்பிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனைக் கைதி. வரப்புத் தகராறு; வெட்டியது அவர்தான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொடுத்த கருணை மனுவை ராஷ்டிரபதி பவனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: மனு மாநில அரசுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது.

விஷயத்தை விளக்கியவர் மதுரையில் ஒரு வக்கீலம்மா. அரசியலமைப்பின் 72ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்கு உள்ள அதிகாரம் தூக்குத் தண்டனை, ராணுவ நீதிமன்றத் தண்டனை, மத்திய அரசின் வரம்புக்குள் வரும் குற்றங்கள் ஆகியவற்றுக்கானது. எங்களைப் போன்ற வழக்குக்கு 161ஆவது பிரிவு. ஆளுநர் பெயரில் உத்தரவு வரும், முடிவெடுப்பது மாநில அமைச்சரவை. "கருணை, கருணை என்று எழுதாதீர்கள். நாள் கணக்கை எழுதுங்கள்" என்றார்.

அந்த நாள் கணக்கில்தான் நாங்கள் அடிவாங்கினோம். பதினான்கு ஆண்டு முடிந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று ஊரில் சொல்வது பொய். ஆயுள் என்றால் ஆயுள்தான். பதினான்கு என்பது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு வைத்த குறைந்தபட்ச வரம்பு. 161ஐ அது கட்டுப்படுத்தாது. அதனால்தான் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018 பிப்ரவரி 25 அன்று பத்து ஆண்டு முடித்திருந்தவர்களை விடுவிக்க அரசால் உத்தரவிட முடிந்தது. அண்ணன் கைதானது 2007 நவம்பர். பத்து தாண்டிவிட்டது என்று அம்மா அவருக்குச் சட்டையே தைக்கக் கொடுத்துவிட்டார். விசாரணைக் காலத்தில் அவர் ஏழு மாதம் ஜாமீனில் இருந்ததை நான் கழிக்க மறந்திருந்தேன். ஒன்பது ஆண்டு எட்டு மாதம். பட்டியலில் பெயர் இல்லை. சிறையில் வேலை செய்தும் நன்னடத்தையாலும் சேர்த்த தண்டனைக் குறைப்பு நாட்களும் உதவவில்லை. உள்ளே உண்மையாகக் கழித்த நாளைத்தான் எண்ணினார்கள்.

2021 செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேர் விடுதலை என்று அறிவிப்பு வந்தபோது மறுபடி கோப்பு நகர்ந்தது. சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், காவல்துறை என்று ஆளுக்கொரு அறிக்கை தர வேண்டும். முதல் இரண்டும் சாதகம். மூன்றாவதில், இறந்தவர் வீட்டில் கடும் எதிர்ப்பு இருப்பதாக ஒரு வரி. நிராகரித்துவிட்டார்கள்.

பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அறிக்கை நகல்களைக் கேட்டேன். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைத்தான் எத்தனையோ முறை படித்தேன். அவர் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். இறந்தவரின் தாயார் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: "வந்தால் வரட்டும். எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்." இதையா கடும் எதிர்ப்பு என்று எழுதினார்கள்? கோபம் வந்தது. அந்த அம்மாளை நினைத்தால் அது நிற்கவும் இல்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டோம். அது நிலுவையில் இருந்தபோதுதான், 2022 மே 18 அன்று, பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கொலை வழக்கில் மாநிலத்துக்கே அதிகாரம், அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றது அது. 2018இல் அமைச்சரவை பரிந்துரைத்தும், ஆளுநர் அந்தக் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்திருந்தார். எங்கள் மனு டெல்லிக்குப் போய்த் திரும்பியது போலத்தான். வக்கீலம்மா அந்தத் தீர்ப்பின் நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்தார். மறுபரிசீலனை செய்யும்படி எங்களுக்கு உத்தரவு கிடைத்தது.

அடுத்த ஆண்டு அண்ணன் வெளியே வந்தார். அம்மா தைத்த சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. பஸ் நிலையத்தில் டீ குடித்து முடித்ததும், ஊர் பஸ் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்காமல், "திருப்பூருக்கு எது போகும்?" என்று கேட்டார். இப்போது அங்கே ஒரு சாயப்பட்டறையில் வேலை. அம்மாதான் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அதற்கும் அவர் மனு பார்க்கப் போவதாகத்தான் சொல்கிறார்.