கொடைக்குப் பணம் தந்தவருக்கு எதிராகச் சாட்சி சொன்னேன்

பங்குனி, சித்திரை, வைகாசி, அதன் பிறகு ஆடி. எங்கள் குமரி மாவட்டத்து வில்லிசைக்காரர்கள் கையில் காசு புரளும் மாதங்கள் இவைதான். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று ஊருக்கு ஊர் கொடை, அதாவது கோயில் திருவிழா, நடக்கும். கண் அசர நேரம் இருக்காது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வில்லும் குடமும் பரணுக்குப் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் மழைக்காகக் காத்திருக்காது. சம்பளச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? தண்டல்காரரிடம்தான் போய் நிற்போம்.

பத்தாயிரம் என்று பேசுவார்கள். 8,500 ரூபாய்தான் கைக்கு வரும். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் அதற்கு ஒரு வட்டி, அந்த வட்டி நின்றால் அதன் மேல் இன்னொன்று. இதற்கு மீட்டர் வட்டி என்று பெயர். ஈடாகத் தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவில் உடுக்கை வாசிக்கும் அண்ணன், மகளின் பிரசவத்துக்காக இப்படி வாங்கினார். வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கட்டிய பிறகும் அசல் அப்படியே நின்றது.

கடன் கொடுத்தவர் எங்களுக்கு அந்நியர் இல்லை. வரி பிரித்து நடக்கும் பல கொடைகளில் பந்தல் செலவும் மேளச் செலவும் அவருடையவை. எந்தக் குழுவை அழைப்பது என்பதில் அவர் வாக்குக்கு எடை உண்டு. மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார். என் பாட்டுக்கு மனதாரத் தலையசைத்திருக்கிறார். காலையில் அவருடைய ஆட்கள் எங்கள் தெருவில் பைக்கை நிறுத்திவிட்டுத் தண்டல் கேட்பார்கள், இரவில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கதை கேட்பார். பல வருடங்கள் இந்த இரண்டையும் நாங்கள் வெவ்வேறாகவே வைத்துப் பார்த்தோம். அப்படிப் பார்த்தால்தான் பாட முடியும்.

நான் சாட்சியாக நேர்ந்த அந்த இரவில், நள்ளிரவுப் பூசையான சாமக்கொடையில் முத்துப்பட்டன் கதை பாடினோம். அந்தணராகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் கொலையுண்டு தெய்வமானவர் அவர். கதை அந்த இடத்துக்கு வரும்போது சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் ஏறும், உடுக்கை தனியாக முழங்கும். உடுக்கையில் அடிப்பது வலது கை. சுருதியை ஏற்றி இறக்குவது இடது கை. நடுவில் இருக்கும் கயிற்றை இறுக்கி இறுக்கி விடும்போதுதான் அது அழுகிறமாதிரிக் கேட்கும். அண்ணனின் இடது கை அந்த அளவுக்குத் தேர்ந்த கை.

விடியும் முன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். வட்டிக்காரரின் ஆட்கள் மூன்று பேர் வந்து குழுவின் சம்பளப் பையைக் கேட்டார்கள். அதில் எல்லோருடைய கூலியும் இருக்கிறது என்று சொல்லி அண்ணன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். இரும்புக் கம்பி இறங்கியது இடது மணிக்கட்டில். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். பந்தலின் குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அடித்தவர் யார், பையைப் பிடுங்கியவர் யார், பைக்கை அணைக்காமல் நின்றவர் யார், எல்லாம் தெரிந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை விவரமாக எழுதுகிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் எங்களைப்போல் நிற்பவர்கள் இருப்பார்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டதும் அண்ணன், "பைக்கில் இருந்து..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பயத்தில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த முதல் பதிவுதான் வழக்கின் அஸ்திவாரம். இன்னார் கம்பியால் அடித்தார் என்று விபத்துப் பதிவேட்டில் ஏறாவிட்டால், பிறகு எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுவார். அண்ணன் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். எலும்பு முறிந்திருந்தது. எலும்பு முறிந்தால் அது சட்டத்தில் கொடுங்காயம். வழக்கின் கனமே அதனால் மாறுகிறது.

காவல் நிலையத்துக்கு நானும் என் அம்மாவும் போனோம். அடிபட்டவரே வரட்டும் என்றார்கள். குற்றத்தைப் பார்த்தவர் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன்; அதைச் சொன்னேன். மனுவை வாங்கி மனு ஏற்பு ரசீது தந்தார்கள். சி.எஸ்.ஆர். என்பார்களே, அதுதான். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் நிலையத்தைவிட்டு இறங்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் நாள் நகர்ந்தபோது, நாகர்கோவிலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அந்த ரசீதின் நகலோடுதான் மனு கொடுத்தேன். அதற்குப் பிறகு பதிவானது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கினேன்.

கந்துவட்டிக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 2003-இல் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டி என்று நம் வாயில் புழங்கும் பெயர்களே அதில் இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் பக்கத்து நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, தீயில் வெந்துபோனது. 2022 ஜூனில், அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, எங்கள் மாவட்டத்துக்காரர், 'ஆபரேஷன் கந்துவட்டி' அறிவித்தார். சட்டம் இருந்தும் ஏன் வழக்குகள் நிற்பதில்லை என்றால், சாட்சி நிற்பதில்லை. எங்கள் வழக்கில் கந்துவட்டிச் சட்டத்தோடு கொடுங்காயமும் மிரட்டிப் பணம் பறித்தலும் சேர்ந்தன.

விசாரணை அதிகாரி என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார். சாட்சியான பெண்ணை அவள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். சொன்னதும் பெண் காவலரோடு வீட்டுக்கு வந்தார்கள். இன்னொன்றும் முக்கியம்: போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், அதில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது.

அந்த வாரங்களில் என்னை அதிகம் வதைத்தது போலீசோ கோர்ட்டோ இல்லை. எங்கள் அண்ணாவி, அதாவது வில்லிசை ஆசான். பாவாடை கட்டிய வயதில் என்னைத் திண்ணையில் உட்கார்த்தி ஏட்டுக் கதைகளை அடியடியாகச் சொல்லிக்கொடுத்தவர். வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மக்களே, அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஆடிக்கு நமக்கு மேடை கிடையாது. அண்ணனின் வைத்தியத்துக்கு அவரே பணம் தருகிறேன் என்கிறார். பேசி முடித்துவிடலாம்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னதில் பொய் இல்லை. எட்டுக் குடும்பங்கள் அந்த வில்லை நம்பி இருக்கின்றன. அவருடைய குரல் இல்லையென்றால் என் குரல் இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வெட்டுப்பட்டுச் செத்தவர்களுக்காகத்தான் இந்தப் பாட்டே இருக்கிறது. அநியாயமாக இறந்தவரை ஊர் மறந்துவிடக் கூடாது என்று வருடம் தவறாமல் கூப்பிட்டுப் பாடுகிறோம். கண்ணெதிரே ஒருவரின் கை உடைந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, அதே வாயால் எப்படிச் சாமியை அழைப்பேன்? அண்ணாவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். சாட்சி சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். குடம் அடிக்கும் தம்பி மட்டும் பிறகு நீதிமன்றத்தில் எதையும் பார்க்கவில்லை என்று பிறழ் சாட்சியானான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுடைய காசோலையும் அவர்கள் கையில்தான் இருந்தது.

என் மனம் மாறும் முன் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யும்படி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 164-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 183. இன்றும் எல்லோர் வாயிலும் 164தான். சாட்சி நேராகப் போய்க் கேட்டுப் பயன் இல்லை. விசாரணை அதிகாரிதான் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். நடுவரின் அறையில் போலீஸ் யாரும் இல்லை. யாராவது சொல்லிக்கொடுத்து வந்தீர்களா, பயமுறுத்தினார்களா என்று நடுவர் கேட்டார். இல்லை என்றேன். உறுதிமொழி எடுத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இதில் கையெழுத்து உண்டு. வெளியே வந்தபோது தோளில் இருந்து வில்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் மிரட்டல் வந்தது. பள்ளிவிட்டு வந்த என் மகனிடம், அம்மாவைப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல் என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். சாட்சியைப் பொய் சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அதற்கும் புகார் கொடுத்தேன். அதோடு சாட்சிப் பாதுகாப்புக்கும் விண்ணப்பித்தேன். உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஏற்றுக்கொண்ட திட்டம் இது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. மாவட்டக் காவல் தலைவரும் அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் துறையின் தலைவரும் அதில் உறுப்பினர்கள். டி.எஸ்.பி. அச்சுறுத்தல் அறிக்கை கொடுக்க வேண்டும், அதற்கு ஐந்து வேலை நாள்தான் அவகாசம். எல்லா வழக்குக்கும் இது கிடைக்காது. பெண்களுக்கு எதிரான சில குற்றங்களைத் தவிர்த்தால், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் இருக்க வேண்டும். கந்துவட்டிச் சட்டம் மட்டும் என்றால் எனக்குக் கிடைத்திருக்காது. கொடுங்காயம் சேர்ந்ததால் கிடைத்தது. மருத்துவமனையில் அண்ணன் உண்மையைச் சொன்னதன் பலன் அங்கே தெரிந்தது. இரவு ரோந்தும், நீதிமன்றத்துக்குப் போய்வரக் காவலும் கொடுத்தார்கள்.

வழக்கறிஞருக்குப் பணம்? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்துகிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலேயே போய்க் கேட்கலாம். எனக்குக் கிடைத்தவர் ஒரு இளம் பெண். சம்மன் வந்ததும் கூண்டுக்குள் எப்படி நிற்பது, கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சொல்கூட அவர் சொல்லித்தரவில்லை.

அரசு வழக்கறிஞரின் முதல் விசாரணை சீக்கிரம் முடிந்தது. குறுக்கு விசாரணைதான் நீண்டது. இரவு முழுக்கப் பாடிவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருந்தீர்களா? வட்டிக்காரரிடம் நீங்களும் கடன் வாங்கியிருக்கிறீர்களா? அவர் கையால் பொன்னாடை வாங்கிய படம் இதுதானா? கடன் வாங்கியிருக்கிறேன், படமும் அதுதான் என்றேன். கலக்கம் இல்லை, கொடை ராத்திரியில் விழிப்பது எங்கள் தொழில் என்றேன். கடைசியில் வழக்கறிஞர், "கதை சொல்வதுதானே அம்மா உங்கள் தொழில்?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கதை எனக்கு என் அண்ணாவி சொல்லித் தந்தது. இது நான் என் கண்ணால் கண்டது" என்றேன். அதையும் பதிவு செய்யும்படி நடுவர் சொன்னார்.

தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டினார்கள். எங்கேயோ மனம் அலைந்தாலும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'வலது கை மணிக்கட்டில்' என்று வந்திருந்தது. இடது கை என்று சொன்னேன், திருத்தினார்கள். மருத்துவச் சான்றில் இடது, சாட்சியத்தில் வலது என்று இருந்திருந்தால் அத்தனை நாள் பட்ட பாடும் அந்த ஓர் எழுத்தில் போயிருக்கும். திருத்திய பிறகுதான் கையெழுத்திட்டேன்.

வழக்கு இப்போது வாதத்துக்கு நிற்கிறது. சோதனையில் கைப்பற்றிய காசோலைகள் நீதிமன்றத்தில் இருக்கின்றன; அண்ணனுடையதும் குடம் அடிக்கும் தம்பியுடையதும் அவற்றில் உண்டு. அண்ணனின் மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. உடுக்கையை அவர் மகன் வாசிக்கிறான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். சில ஊர்களில் எங்களை அழைப்பது நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் இரண்டு ஊர்களில் விஷயம் கேள்விப்பட்டே அழைத்தார்கள். அண்ணாவி மேடைக்கு வருகிறார், என்னோடு பாடுகிறார், வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

வில்லிசையோ நையாண்டி மேளமோ நாதஸ்வரமோ, எந்தக் கலைஞராக இருந்தாலும், வெற்றுக் காசோலை கொடுத்துவிட்டு விழிப்பவராக இருந்தால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும். கட்டிய தண்டலின் கணக்கு எந்த நோட்டில் இருந்தாலும் கிழித்துவிடாதீர்கள். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் துணைக்கு நான் வருகிறேன். கொடை மாதங்களில் இரவில்தான் முடியாது. பகலில் எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.