1976 எம்.ஜி.பி.: சிவப்பிலிருந்து மீண்டும் நீலத்துக்கு

வண்டி 1976-ஆம் வருட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது துணிக் கூரையை மடித்துத் திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். என் கைக்கு வந்தபோது வெளுத்த சிவப்பு. பானெட்டில் கையை வைத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் ரோஸ் நிறப் பொடி ஒட்டும். முன்னாலும் பின்னாலும் தடித்த கறுப்பு ரப்பர் பம்பர். கூரைத் துணி மடிப்புகளில் கிழிந்திருந்தது. இன்ஜின் நன்றாக ஓடியது, அடிப்பாகத் துருவை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒழுங்காக வெட்டி எடுத்து வெல்டிங் செய்திருந்தார். அதனால் நான் எடுத்துக்கொண்ட வேலை தோற்றம் மட்டும்தான்: பெயிண்ட், பம்பர், கூரைத் துணி, சக்கரம். ஆறு மாதத்தில் முடிப்பதாக நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது.

முதலில் என் திட்டம் பச்சை. பிரிட்டிஷ் ரேஸிங் க்ரீன் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. 1903-இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூசிக்கொண்டு ஓடியதிலிருந்து வரும் வழக்கம் அது. ஆனால் அந்தப் பெயரில் ஒரே ஒரு பச்சை கிடையாது. ஆலிவ் போல இருப்பதிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரைக்கும் பல உண்டு. நான்கு தகரத் துண்டுகளில் நான்கு பச்சைகளை அடித்து, ஒரு வாரம் வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டேன்.

அப்புறம்தான் விண்ட்ஸ்கிரீனைக் கழற்றினேன். இந்த வண்டியில் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, வெல்டிங் இல்லை. அவற்றை எடுக்க விண்ட்ஸ்கிரீன் சட்டம் வெளியே வரவேண்டும். அதன் போல்ட்டுகளோ டேஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. டேஷ்போர்டைக் கழற்றியதும் பின்னால் நீலம். வெயிலே படாமல், நேற்று அடித்தது போல. டஹிடி ப்ளூ என்று அந்த வருடங்களில் வந்த நிறம். கொஞ்சம் அடர்த்தியான, பளிச்சென்ற நீலம். டிக்கிக்குள், இன்ஜின் அறைக்குள், சீட்டுகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் என்று எங்கு பார்த்தாலும் அதே நீலம். சிவப்பு அடித்தவர் வெளியே மட்டும் அடித்திருக்கிறார்.

கூரை உள்ள காராக இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நிறம் என்று யாருக்குத் தெரியப்போகிறது? திறந்த காரில் அப்படியில்லை. கதவின் மேல்விளிம்பு, சீட்டுக்குப் பின்னால் வளையும் தகரம், கூரைச் சட்டம் மடிந்து உட்காரும் பள்ளம் எல்லாமே வெளிப்புறம்தான். பெயிண்ட்டை ஒரு கோட்டில் நிறுத்தி மறைக்க இடமே கிடையாது. பச்சை அடிப்பதென்றால் இன்ஜினை வெளியே எடுத்து, அறை முழுவதும் சுரண்டி, டிக்கியையும் சுரண்ட வேண்டும். நீலம் என்றால் உள்ளே இருப்பதைக் கழுவி, பாலிஷ் போட்டாலே போதும். இரண்டு நாள் யோசித்தேன். உண்மையில் மனதை மாற்றியது வேலைக் கணக்கு இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த அந்த நீலத்தை லேசாக பாலிஷ் செய்து, அதன் பக்கத்தில் என் பச்சைத் தகரத்தைப் பிடித்தேன். பச்சை அந்நியமாகத் தெரிந்தது. சரி, நீலமே என்று முடிவு செய்தேன்.

அடுத்தது பம்பர். 1962-இல் வந்த எம்.ஜி.பி.க்கு 1974 வரை மெல்லிய குரோம் பம்பர்தான். அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காக அதன்பிறகு இரும்பு உள்ளீடு வைத்த இந்த ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். ரப்பரைக் கழற்றிவிட்டு குரோமை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. முன் இண்டிகேட்டர் விளக்குகள் ரப்பர் பம்பருக்குள் இருக்கின்றன. குரோம் வண்டியில் அவை மட்கார்டில், ஹெட்லைட்டுக்குக் கீழே. அதற்குத் துளை வெட்ட வேண்டும். முன் கிரில் வேறு, அதற்குக் கீழே வரும் தகரம் வேறு, பம்பரைத் தாங்கும் பட்டைகள் வேறு. பின்பக்கம் விளக்குகளுக்குக் கீழே உள்ள மூலைகள் ரப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தவை; அங்கே புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யவேண்டும்.

வெல்டிங்கை அது நன்றாகத் தெரிந்த நண்பர் செய்து கொடுத்தார். இண்டிகேட்டர் துளைகளை மட்டும் நானே வெட்டினேன். இதற்காக ஒரு பழைய குரோம் பம்பர் எம்.ஜி.பி.யைத் தேடிப் போய், அதன் மட்கார்டில் கனமான அட்டையை வைத்து, ஹெட்லைட் வளையத்தையும் கீழ் விளிம்பையும் அடையாளமாகக் கொண்டு அச்சு எடுத்து வந்தேன். அந்த அட்டையைத் திருப்பிப் போட்டால் மறுபக்க மட்கார்டுக்கும் பொருந்த வேண்டும். என் வண்டியில் பொருந்தவில்லை, 4 மில்லிமீட்டர் வித்தியாசம். வலது மட்கார்டு எப்போதோ அடிபட்டு, பட்டி பூசி நிமிர்த்தப்பட்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகே துளை போட்டேன். துளை போடும் முன் இரண்டு பக்கமும் அட்டையை வைத்துப் பாருங்கள், கண்டிப்பாக.

இனி, இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட விஷயம். கூரை இல்லாத காரின் உடல் வளையும். மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஸில் மட்டும்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து வைத்திருக்கிறது. நான் வண்டியை ஸில்லின் நடுவில் உள்ள ஜாக் இடங்களில் தாங்கி நிறுத்திவிட்டுக் கதவுகளைப் பொருத்தினேன். இடைவெளி சுற்றிலும் 4 மில்லிமீட்டர், அழகாக வந்தது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கினேன். கதவின் பின்பக்க மேல்மூலை கிட்டத்தட்ட உரசியது. நடுவில் தாங்கும்போது இரண்டு முனையும் கீழே தொங்கி, கதவு வாசல் மேலே விரிகிறது. சக்கரத்தில் நின்றால் முனைகள் மேலே தள்ளப்பட்டு வாசல் சுருங்குகிறது. அப்படியே பெயிண்ட் அடித்திருந்தால் முதல் நாளே விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். கதவுக் கீல்களுக்கு அடியில் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும், வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது, இன்ஜினும் உள்ளே இருக்கும்போது மறுபடி பொருத்தினேன். மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளை நான் வீணாக நினைக்கவே இல்லை.

சுரண்டும் வேலையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். உப்புத்தாளைத் தொடும் முன் வண்டியைப் பாத்திர சோப்பில் கழுவி, மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய பாலிஷில் இருக்கும் சிலிக்கான், உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் இறங்கிவிடும். நான் வெளிப்புறம் முழுவதும் ஒழுங்காகச் செய்தேன், கூரைத் துணி உட்காரும் பின்தகட்டை மட்டும் விட்டுவிட்டேன். யாரோ பல வருடம் துணியைப் பளபளப்பாக்க எதையோ பூசியிருக்கிறார்கள். அங்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்ததும் மீன் கண் போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. முழுவதையும் சுரண்டி எடுத்து, அதே திரவத்தில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது காயும் முன்னே இன்னொரு சுத்தமான துணியால் எடுத்து, இப்படி இரண்டு முறை செய்த பிறகே பிரைமர் பிடித்தது.

பட்டியை 80 எண் உப்புத்தாளில் வடிவம் கொண்டுவந்து, 180-இல் மென்மையாக்கினேன். தடித்த பிரைமருக்கு மேல் கறுப்புப் பொடி தடவி, நீளக்கட்டையில் 320 தாளைச் சுற்றித் தேய்த்தேன். பள்ளத்தில் கறுப்பு நிற்கும், மேட்டில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததைக்கூட அந்தப் பொடி காட்டிக்கொடுக்கும். இந்த வண்டியில் ஹெட்லைட்டிலிருந்து பின்விளக்கு வரை ஓடும் பக்கக் கோடுதான் எல்லாம். அது அலை அடித்தால் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. குட்டைக் கட்டையால் கதவைத் தனியாக, மட்கார்டைத் தனியாகத் தேய்த்தால் கோடு உடையும். எல்லாவற்றையும் மாட்டி வைத்துக்கொண்டு, மூன்று பாகத்தின் மேலும் ஒரே இழுப்பாகத் தேய்த்தேன்.

நிறம் கலக்க, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகட்டையே கொடுத்து அளக்கச் சொன்னேன். முதல் கலவை ஒரு சாயல் பச்சைப் பக்கம் போனது, இரண்டாவது சரியாக இருந்தது. பூசியது டூ-கே பெயிண்ட், அதாவது ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பெயிண்ட்; மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு தேவைப்படாத ஒரே அடுக்கு வகை. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பொல்லாதது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரண வடிகட்டி முகமூடியை நம்பக் கூடாது. அதனால் தடித்த பிரைமரையும் நிறத்தையும் வீட்டில் அடிக்காமல், வாடகைக்கு எடுத்த பெயிண்ட் பூத்தில், வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியோடு அடித்தேன். இதில் யாரும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

ஸ்ப்ரே கன் முனை 1.3 மில்லிமீட்டர், தூரம் ஒரு சாண். முதலில் கதவு விளிம்புகள், வாசல் ஓரங்கள், சீட்டுக்குப் பின்னால் வளையும் பகுதி, மறுநாள் வெளிப்புறம். மெட்டாலிக் இல்லாத நிறம் என்பதால் இரண்டு நாளில் அடித்தாலும் சாயல் வேறுபடவில்லை. மூன்று கோட், நடுவில் கால் மணி நேர இடைவெளி. இடது கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு வழிசல் விழுந்தது. தொடவில்லை. இரண்டு வாரம் இறுகவிட்டு, கட்டையில் 1500 தாளைச் சுற்றி அதை மட்டும் தட்டையாக்கினேன். அப்புறம் வண்டி முழுவதும் 2000, 3000, பின் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை. ஒரே அடுக்கு என்பதால் துணியெல்லாம் நீலம்.

பக்கக் குரோம் பட்டைகளை வைக்கலாமா வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். வைத்தேன். அந்த நீலத்தின் மேல் அவை இல்லாவிட்டால் பக்கம் வெறுமையாகத் தெரிகிறது. கிளிப் துளைகளுக்குள் மெழுகு நிரப்பிவிட்டு மாட்டினேன், துரு அங்கேதான் தொடங்கும். ரோஸ்டைல் என்ற வகை இரும்புச் சக்கரங்களுக்குப் பழையபடியே வெள்ளி நிறமும் கறுப்பும்.

கூரை இப்போது அடர் நீல மொஹேர் துணி. அழுத்துப் பொத்தான்களின் இடத்தைப் பெயிண்ட்டுக்கு முன்பே துணியை வைத்துக் குறித்து, துளையிட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. புதுப் பெயிண்ட்டில் டிரில்லை வைக்க எனக்கு மனம் வந்திருக்காது. துணியை நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் விரித்துவைத்து, இளகிய பிறகு இழுத்து மாட்டினேன். வலப்பக்கப் பின்மூலையில் இன்னும் ஒரு சுருக்கம் இருக்கிறது. சில வாரம் மூடியே வைத்திருந்தால் இழுபட்டுப் போகும் என்கிறார்கள். ஆனால் போன வாரம் முழுவதும் திறந்துதான் ஓட்டினேன்.