நெப்போலியன் என்று ஒருவர் இருந்தாரா?

மத வரலாற்றில் எதைச் சொன்னாலும் "ஆதாரம் போதாது" என்று ஒதுக்குகிறவரை மடக்க ஒரு பழைய உத்தி உண்டு. அவருடைய அளவுகோலை அவரிடமே வாங்கி, அவர் துளியும் சந்தேகப்படாத ஓர் ஆளை அதால் அளந்து காட்டுவது. ஆளே காணாமல் போனால் கோளாறு அளவுகோலில்.

இதைக் கச்சிதமாகச் செய்தவர் ரிச்சர்ட் வேட்லி. ஆங்கிலேயப் பாதிரியார், பின்னாளில் டப்ளின் பேராயர். நெப்போலியன் இருந்ததே ஐயத்துக்குரியது என்று வாதாடும் சிறுநூலை 1819-இல் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். நெப்போலியன் அப்போது செயின்ட் ஹெலினா தீவில் உயிரோடு இருந்தார், இறந்தது 1821-இல். கிண்டலின் பாதி பலம் இந்தத் தேதிகளில்தான்.

வேட்லியின் இலக்கு தத்துவஞானி டேவிட் ஹியூம். அற்புதங்களைச் சாட்சி சொல்வதை வைத்து நம்ப முடியாது என்று ஹியூம் 1748-இல் எழுதியதை எடுத்துச் சில கேள்விகளாக அடுக்கினார். சொல்பவருக்கு விஷயம் சரியாகத் தெரிய வழியுண்டா? பொய்யில் அவருக்கு ஆதாயமுண்டா? சாட்சிகள் ஒத்துப்போகிறார்களா? சொல்லப்படுவது நம் அனுபவத்தோடு பொருந்துகிறதா? பிறகு செய்தித்தாள்களைக் கூண்டில் ஏற்றினார். பரபரப்பு இருந்தால் தாள் விற்கும். ஆக, ஆதாயம் உண்டு. ஒரே போரைப் பற்றி ஆளுக்கொரு விவரம். 1815-இல் பிளிமத் துறைமுகத்தில் திரண்ட கூட்டம் பார்த்தது கப்பலில் நின்ற ஒரு தொப்பிக்காரரை. அவர்தான் நெப்போலியன் என்பது பிறர் சொல்லக் கேட்டதுதானே?

ழான்-பத்தீஸ்த் பெரேஸ் என்ற பிரெஞ்சு நூலகர் 1827-இல் வேறு வழியில் போனார். எல்லா மதக் கதைகளும் சூரியக் கதைகளே என்று 1795-இல் எழுதிய துப்புயி அவருடைய இலக்கு. பெரேஸின் கணக்கில் நெப்போலியன்தான் சூரியன்: பெயரில் கிரேக்கச் சூரியக் கடவுள் அப்போலோ ஒளிந்திருக்கிறார், மூன்று சகோதரிகள் மூன்று அழகு தேவதைகள், நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள், இரண்டு மனைவியர் நிலவும் பூமியும், களத்தில் இருந்த 12 மார்ஷல்கள் (உயர் தளபதிகள்) 12 ராசிகள். கிழக்கே எகிப்திலிருந்து எழுந்து மேற்குக் கடலில் மறைந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 1804-இல் நெப்போலியன் நியமித்த மார்ஷல்கள் 18 பேர். களத்துக்கு 14, கௌரவப் பதவியில் 4. ஆட்சி முடிவதற்குள் மொத்தம் 26. பன்னிரண்டு எப்படி வந்தது? வெட்டி ஒட்டினால் வரும். துப்புயி பாணியில் எழுதியவர்கள் செய்ததும் அதுவே என்பதால் இந்தக் கிண்டலில் அந்தத் தில்லுமுல்லும் ஒரு உறுப்பு.

இன்று இப்படியொரு கிண்டல் எழுத நினைப்பவர் முதலில் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலவுப் பயணம் ஆசை காட்டும். கலத்தின் பெயர் அப்போலோ. நிலவுத் தேவதையின் சகோதரன். நிலவில் இறங்கிய கலத்தின் பெயர் கழுகு (ஈகிள்). முதல் ஆள் ஆம்ஸ்ட்ராங், பெயரிலேயே வலிய கை. இரண்டாமவர் ஆல்ட்ரினின் தாய் பிறந்த வீட்டுப் பெயர் மூன். மூவர் போய் ஒருவர் மட்டும் மேலேயே சுற்றுகிறார். 1969 ஜூலை என்பதை மட்டும் மறைத்துவிட்டால் அசல் புராணம்! ஆனால் இதை எழுதாதீர்கள். நிலவுப் பயணமே பொய் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிண்டலை ஆதாரமாகப் பகிர்ந்துவிடுவார்கள். வாசகர் யாருமே சந்தேகிக்காத ஆள்தான் வேண்டும். நடை நீதிமன்ற வாதம்போல் இறுக்கமாக இருக்கட்டும். நடுவில் ஒரு கண்சிமிட்டல் விழுந்தாலே கெட்டது. பொய்த் தகவல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது. உண்மைகளைத் தேர்ந்தெடுத்து அடுக்குவதில்தான் விஷமம் இருக்க வேண்டும்.

கிண்டலையே தோற்கடித்தவர்களும் உண்டு. ழான் ஆர்துவென் என்ற யேசு சபைத் துறவி (1646–1729), பண்டைய கிரேக்க, லத்தீன் நூல்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவிர மற்றவை இடைக்காலத் துறவிகளின் போலிகள் என்றார். விளையாட்டாக அல்ல. பண்டைய ரோம எழுத்தாளர் பிளினியின் இயற்கை வரலாற்றைப் பதிப்பித்த பெரிய அறிஞர் அவர்.

இந்த உத்தி ஓர் எல்லையைத் தாண்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹியூமின் வாதம் இயற்கை விதியை மீறும் நிகழ்ச்சிகளைப் பற்றியது. நெப்போலியனின் வெற்றிகள் வியப்பானவைதான், விதிமீறல்கள் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிய இடத்தில் வேட்லியின் முடிச்சு தளர்கிறது. ஒருவர் வாழ்ந்தாரா என்ற கேள்வியில் இந்தக் கத்தி நன்றாக வெட்டும். அவர் தண்ணீர்மேல் நடந்தாரா என்ற கேள்வியில் மழுங்கிவிடும்.

"கல்வெட்டு எங்கே?" என்பவருக்கு மட்டும் ஒரு பதில் எப்போதும் கைவசம் இருக்கலாம். பொந்தியு பிலாத்து, இயேசுவைச் சிலுவையில் அறைய ஆணையிட்ட ரோம ஆளுநர். பண்டைய எழுத்தாளர்களான டாசிட்டஸ், ஜொசீஃபஸ், ஃபிலோ மூவரும் அவரைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் அவர் பெயர் பொறித்த கல் கிடைத்தது 1961-இல், இஸ்ரேலில் உள்ள சிசேரியாவின் பழைய நாடக அரங்கில். அதுவும் படிக்கட்டுக்குள் வைத்துக் கட்டப்பட்டிருந்தது.