அக்கா மகளுக்கு ஓர் அண்டவியல் நூல்

ஜூன் 2, 2024, ஞாயிறு

பிளஸ் ஒன் சேரவிருக்கும் அக்கா மகள் இன்று காலை, "சித்தி, பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு (பிக் பேங்) எந்த இடத்தில் நடந்தது?" என்று கேட்டாள். விண்வெளி முழுவதுமே விரிந்துகொண்டிருப்பதால் அதற்கென்று தனியிடம் கிடையாது, எல்லா இடத்திலும் நடந்தது என்றேன். அவள் முகம் தெளியவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கோடு படிக்கத்தக்க ஒரு நூலை அவளுக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறேன். இந்தக் கேள்வியைத் தொடாத நூல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அவளுக்கு இப்போது வேண்டாம்.

ஜூன் 5, புதன்

ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' (1988) நூலை மீண்டும் புரட்டினேன். அதில் இருப்பது ஒரே ஒரு சமன்பாடுதான். ஆனால் காலத்தைக் கற்பனை எண்களால் அளக்கும் 'கற்பனைக் காலம்' பற்றிய பகுதியை எட்டும்போது, சமன்பாடுகளைத் தவிர்க்கும் அந்த நடையே புதிய வாசகருக்குச் சுமையாகிவிடுகிறது என்பது என் அனுபவம். ஸ்டீவன் வைன்பெர்க்கின் 'தி ஃபர்ஸ்ட் த்ரீ மினிட்ஸ்' (1977) எனக்கு மிக நெருக்கமான நூல். பிரபஞ்சத்தின் வெப்பம் 10,000 கோடி டிகிரியாக இருந்த நொடியில் தொடங்கி, அணுக்கருக்கள் உருவாகும் வரை படிப்படியாக அழைத்துச் செல்லும் அந்நூல், கணக்கை இறுதியில் தனியாக வைத்திருக்கிறது. ஆயினும், பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிவருகிறது என்று மீவிண்மீன் (சூப்பர்நோவா) வெடிப்புகளைக் கொண்டு இரண்டு குழுக்கள் கண்டறிந்தது 1998-இல் என்பதால், முதல் நூலாக அதைத் தர மனம் ஒப்பவில்லை. அண்டவியல் நூலை வாங்கும்போது ஆசிரியரின் பெயருக்கு அடுத்ததாகப் பதிப்பாண்டைப் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

விரியும் பிரபஞ்சத்தை ஊதப்படும் பலூனோடு ஒப்பிடும் உவமை இல்லாத நூல் அரிது. விண்மீன் திரள்களுக்குப் பதிலாகப் பேனாவால் புள்ளி வைத்து ஊதினால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகிறது. விண்மீன் திரள்களும் அப்படியே வீங்குகின்றன என்ற தவறான எண்ணம் பிள்ளைகளுக்கு அங்கேதான் பிறக்கிறது. இன்று ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி ஊதினோம். பொட்டுகள் அப்படியே இருக்க, இடைவெளி மட்டும் அகன்றது. "எந்தப் பொட்டிலிருந்து பார்த்தாலும் மற்றவைதானே விலகிப் போகும்?" என்று அவளே கேட்டாள்.

ஜூன் 15, சனி

சைமன் சிங்கின் 'பிக் பேங்' (2004) நூலைக் கொடுத்தேன். முடிவுகளை அடுக்குவதோடு நில்லாமல், அவற்றை எப்படி அறிந்தார்கள் என்பதை அது பொறுமையாகச் சொல்கிறது. ஒவ்வொரு இயலின் முடிவிலும் கையெழுத்துப் போன்ற சுருக்கக் குறிப்பும் உண்டு. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்ற பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்கு 2013-இல்தான் வந்தது என்பதால், அதை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

ஜூன் 22, சனி

அக்கா மகள் இப்போது, அமெரிக்க வானியலாளர் ஹென்றியெட்டா லீவிட் 1912-இல் கண்ட தொடர்பில் வந்து நிற்கிறாள்: ஒளி சீராகக் கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீனின் துடிப்புக் காலம் நீண்டால், அதன் உண்மையான ஒளியும் கூடுதல். அதிலிருந்து தொலைவை எப்படிக் கணக்கிடுவது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. தொலைவு இரு மடங்கானால் ஒளி கால் பங்காகக் குறைவதை, நாளை இரவு மொட்டை மாடியில் ஒரே மாதிரியான இரண்டு டார்ச் விளக்குகளை வைத்துப் பார்க்கப் போகிறோம்.