ஒரு பிடி அரிசியும் கால் மணி நேரமும்: தவக்கால நாட்குறிப்பு, 2026

பிப்ரவரி 16, திங்கள்

ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் நாளை மறுநாள் திருநீற்றுப் புதனில் தொடங்குகிறது. அன்று நெற்றியில் வைக்கும் சாம்பலுக்காக, போன வருடம் குருத்து ஞாயிறில் கொடுத்த குருத்தோலைகளை வீடுகளிலிருந்து வாங்கி வைக்க இன்றுதான் கடைசி. நாளை எரித்துவிட வேண்டும். வீட்டுச் சுரூபச் சிலைக்குப் பின்னால் செருகிய ஓலை பத்து மாதத்தில் சருகாகியிருக்கும், ஆனால் ஈர்க்கு அப்படியே விறைப்பாக இருக்கும். அதை உரித்துப் போட்டுவிடுங்கள். ஈர்க்கு சாம்பலாகாமல் கரித்துண்டாக நின்று, அரைத்தாலும் நெற்றியைக் கீறும். அகன்ற இருப்புச்சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரிக்க வேண்டும். அவசரத்துக்கு மண்ணெண்ணெய் தெளித்தால் வாடை திருப்பலி முடிந்தும் போகாது. ஓலை கறுத்து உதிரும் பதத்தில் தீயை நிறுத்துங்கள். வெளுக்க விட்டால் நெற்றியில் தெரியாது. ஆறியதும் அம்மியில் நுணுக்கிப் பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும்.

தவறு நடப்பது இதற்கப்புறம்தான். தண்ணீர் ஊற்றிக் குழைத்து ராத்திரியே வைத்துவிடுகிறார்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரநீர். அந்தக் காலத்தில் சாம்பல் தண்ணீரில் துணி வெளுத்தது அதனால்தான். குழந்தை நெற்றியில் வைத்தால் சிவந்து எரியும். பொடியாகவே வைத்திருங்கள். ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

இன்று ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும். அப்பத்தாக்கள் இந்த இரண்டு சொல்லையும் பிரித்துத்தான் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கூடாது. ஒருசந்தி என்றால் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. காலையிலும் ராத்திரியிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்தால் அந்த முழுச் சாப்பாட்டு அளவுக்கு வரக் கூடாது. காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மதியம் வழக்கமான சோறு, ராத்திரி இரண்டு இட்லி. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் ஒருசந்தி முறியாது. மருந்தும் அப்படியே.

வயதுக் கணக்கு திருச்சபைச் சட்டம் 1252-ல் இருக்கிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு, அதற்கு மேல் வரம்பு கிடையாது. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும் வரை. அறுபதாவது வயது தொடங்குவது 59-ஆவது பிறந்தநாளில். இதைப் பலரும் ஒரு வருடம் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். கர்ப்பிணி, பால் கொடுக்கிறவர், நோயாளி, வெயிலில் உடம்பு நோக வேலை செய்கிறவர் யாரும் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடுவது பக்தியில் சேராது. மயங்கி விழுந்தால் வீடே கலங்கும். அவர்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வேறொன்றை விடட்டும்.

காபியை விடப்போகிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் நாளைக்கே தலை தெறிக்கும், எரிச்சல் வீட்டார் மேல் பாயும். நாலு டம்ளர் குடிப்பவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு வாரத்தில் இறங்கட்டும்.

இந்த மண்ணுக்கு இந்த நாள் இன்னொரு விதத்திலும் சொந்தம். இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் விசுவாசத்துக்காக வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4. அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 22-லேயே வந்துவிட்டது, அதற்கு மேல் முந்தி வர முடியாது. நாற்பத்தாறு நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 4 திருநீற்றுப் புதனாக வரும். பண்டாரசாமியாக, அதாவது இந்த ஊர்த் துறவி கோலத்தில், புலால் தொடாமல் இந்தச் சீமையில் நடந்த மனிதர். ஓரியூருக்குத் தவக்காலத்தில் நடந்து போகிறவர்கள், அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் மணலை முடிந்து எடுத்து வரும்போது இந்தத் தேதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்றைய முதல் வாசகம் எசாயா 58. பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பு நோன்பா என்று கேட்கிற பகுதி. நம் செட்டிநாட்டுச் சமையலறையில் இதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

சட்டப்படி வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது. மீன், முட்டை, பால் தடையில்லை. 1966-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வரையறுத்தது இது. முட்டையும் தொடாத குடும்பங்கள் உண்டு, அது அவர்கள் வழக்கம், நல்லதுதான். ஆனால் தொண்டியிலிருந்து வந்த வஞ்சிரத்தை மிளகாய் அரைத்துத் தடவி வறுத்து வைத்துக்கொண்டு சுத்தபோசனம் என்பது என்ன கணக்கு? மீன் வேண்டாமென்று சைவத்துக்குப் போனாலும் செட்டிநாட்டில் தப்ப முடியாது. வெண்டைக்காய் மண்டி, கோசமல்லி, பால் பணியாரம் என்று இறங்கினால் ஆட்டுக்கறியை விட்டதே தெரியாது. சட்டம் நிறைவேறியிருக்கும், வயிறும் நிறைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குக் கஞ்சியும் ஒரு துவையலும் போதும். நாலு பேருக்கு: அரிசி நொய் ஒரு டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல், தண்ணீர் எட்டு டம்ளர். உப்பைக் கடைசியில் போடுங்கள். துவையல் ஒன்றுதான், கூட ஒரு வடையைச் சுட்டால் அடுத்த வெள்ளி இரண்டு கேட்கும்.

மிச்சமான பணம் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆட்டுக்கறி வாங்காத பணம் அப்படியே வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் அது சிக்கனம், அவ்வளவுதான். இதற்கு நம்மிடம் இருக்கிற நல்ல ஏற்பாடு பிடியரிசி. உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனித் தூக்குவாளியில் போடுவது. மூடிய கையில் சுமார் 45 கிராம் நிற்கும். இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னால் நாலு கிலோ சேரும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரேஷன் புழுங்கலைத் தூக்குவாளிக்கும் கடை அரிசியை உலைக்கும் போடாதீர்கள். எந்த அரிசி உங்கள் இலைக்கு வருகிறதோ அதுவே வாளிக்கும் போகட்டும். அப்புறம், கடைசி வாரம் வரை சேர்த்து வைக்க வேண்டாம், வண்டு விழுந்துவிடும். வாரா வாரம் சனிக்கிழமை கொடுத்துவிடுங்கள். கொடுத்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். புதன்கிழமை வாசித்த மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற பேச்சே இதற்குத்தான்.

பிப்ரவரி 22, முதல் ஞாயிறு

திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு வருகிறதே என்பார்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் நாள், ஒருசந்தி கிடையாது. அதற்காக விட்ட சிகரெட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிக்கலாமா? கெட்ட பழக்கத்தை விட்டவர்கள் ஞாயிறும் விட்டே இருப்பது நல்லது; ஒருநாள் இடைவெளி போதும், திங்கள் முதல் பழைய பழக்கம் மறுபடி ஒட்டிக்கொள்ள. இனிப்பை விட்டவர் இன்று ஒரு கந்தரப்பம் தின்றால் பாவமில்லை.

மார்ச் 4, புதன்

வரும் ஞாயிறு நற்செய்தி யோவான் 4, கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண். 5 முதல் 42 வரை 38 வசனங்கள். கோயிலில் நின்றுகொண்டே கேட்டால் பாதி காதில் விழாது. இன்றிலிருந்து நாலு நாளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், நாளுக்குப் பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். கால் மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். செல்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். விவிலியத்தையே செல்பேசியில் படிக்கிறவர்கள் இந்த நாற்பது நாளாவது புத்தகத்துக்கு வாருங்கள்.

முதலில் வாய்விட்டு மெதுவாக ஒருமுறை வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது எந்தச் சொல் காலைத் தட்டுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். ஏன் தட்டியது என்று யோசித்து, அதையே ஆண்டவரிடம் பேச்சாக்கி, கடைசி இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்தச் சும்மா இருப்பதில். உடனே ‘பரலோகத்தில் இருக்கிற’ என்று மனப்பாடச் செபத்தை ஆரம்பித்து நிரப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் நிற்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்லலாம். நேரம் நண்பகல் என்று யோவான் குறிக்கிறார். ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க நம் ஊரில் உச்சிவெயிலில் யார் போவார்? விடியலில் போவார்கள், பொழுது சாயப் போவார்கள், நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போவார்கள். படிக்கட்டு கால் பொசுக்கும் நேரத்தில் தனியாகக் குடத்தோடு வருகிறவள் ஊர் வாய்க்குப் பயந்தவளாக இருக்கலாம். 28-ஆம் வசனத்தில் அவள் குடத்தையே விட்டுவிட்டு அதே ஊருக்குள் ஓடுகிறாள். எடுக்க வந்த தண்ணீரும் போச்சு, பயமும் போச்சு.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நினைத்துச் செபிப்பது. பதினான்கு நிலைகளையும் இருபது நிமிடத்தில் முடிக்கிற பங்குகள் உண்டு. ‘உமது பாரமான திருச்சிலுவையைக் கொண்டு’ என்று முழங்காலிட்டு, சொல்லி முடிப்பதற்குள் எழுந்தாகிவிடும். நிலைக்கு மூன்று நிமிடமாவது வேண்டும்: முழங்காலிட்டு அந்தச் சொல், உட்கார்ந்து தியானம், கொஞ்சம் மௌனம், எழுந்து பாட்டு. மௌனத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டுவதென்றால் நீண்ட விளக்கத்தை வெட்டுங்கள்.

பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரணபலன் பெற நிலையிலிருந்து நிலைக்கு நகர வேண்டும். கூட்டம் பெரிதென்றால் நடத்துகிறவர் மட்டும் நகர்ந்தால் போதும். கூடவே குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை வாங்குவது, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம். கோயிலுக்கு வர முடியாத முதியவர்கள் வீட்டில் நாளுக்கு ஒரு நிலை வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் நிலையில், கட்டாயத்தின் பேரில் சிலுவை தூக்கிய சீரேனே ஊர்ச் சீமோனிடம், படுக்கையிலிருக்கும் ஆளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நேரம் எடுக்கட்டும். அவரும் விரும்பி வரவில்லை.

மார்ச் 11, புதன்

மூன்று வாரம் ஆயிற்று. இந்நேரம் பாதிப்பேர் விட்டிருப்பார்கள். காரணம் சோம்பல் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அளவு தெரியாமல் நேர்ந்துகொண்டதுதான். ‘இந்தத் தவக்காலம் முழுக்கக் கோபப்பட மாட்டேன்’ என்றால் முதல் நாளே உடையும். ‘சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பத்து நிமிடம் யாரையும் எதற்கும் அதட்ட மாட்டேன்’ என்பது நிற்கும். நேரம், இடம், அளவு மூன்றும் சொல்ல முடிகிற ஒன்றை மட்டும் எடுங்கள். ஏழு தீர்மானம் எடுத்தவர் ஆறை இன்றே இறக்கி வைத்துவிடலாம்.

இன்னொரு வகை உண்டு. தீர்மானம் சரியானதுதான், ஆனால் செபம் உமியைத் தின்பது போல ருசியற்றுப் போய்விட்டது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார். வறட்சி நேரத்தில் முன்னால் நல்ல தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. மாறாக, செபத்தைக் கொஞ்சம் நீட்டு. கால் மணியை வெட்டி ஐந்து நிமிடமாக்கத் தோன்றும்போது பதினாறாவது நிமிடம் வரை உட்காருவதுதான் இதன் நடைமுறை. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்ட வேண்டாம். அந்தக் கடன் ஏறிக்கொண்டே போய் எல்லாம் நின்றுவிடும்.

மார்ச் 15, நான்காம் ஞாயிறு

இன்று குரு தவக்கால ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடை அணியலாம், பீடத்தில் பூ வைக்கலாம், இசைக்கருவிகளும் தனித்து ஒலிக்கலாம். தவக்காலத்தில் பாடாத அல்லேலூயா மட்டும் இன்னும் வராது. பாடகர் குழுவில் யாராவது மறந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

மார்ச் 20, வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குக் குருத்து ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். புனித வாரத்தில் வரிசை கோயில் வாசலைத் தாண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்காது. இந்த வாரமே போய்விடுங்கள்.

பழைய ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் சொன்ன ஐந்தும் அப்படியே செல்லும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), பாவங்களைச் சொல்வது, குருவான சாமி கொடுத்த அபராதத்தை நிறைவேற்றுவது. ஆத்தும சோதனைக்கு ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். சாவான பாவமென்றால், அதாவது கனமான பாவமென்றால், என்ன பாவம், எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். கதை வேண்டாம். ‘சாமி, என் மாமியார் என்ன பண்ணுவாங்கன்னா’ என்று ஆரம்பித்தால் அது மாமியாரின் பாவசங்கீர்த்தனம். ‘நிறையப் பாவம் செஞ்சிருக்கேன் சாமி’ என்று மொத்தமாகச் சொல்வதும் உதவாது. வைத்தியரிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது போல.

நம் பக்கம் எளிதில் விட்டுப்போகிறவை சில: மீட்டர் வட்டி வாங்கியது, வாங்கிய கைமாற்றைத் திருப்பாமல் ஆளைக் கண்டு தெரு மாறியது, வேலைக்காரருக்குப் பேசிய கூலியைக் குறைத்தது, பூர்வீக வீட்டுப் பங்கில் கூடப்பிறந்தவளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது. இவற்றில் மன்னிப்போடு வேலை முடியாது. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். மொத்தமாக முடியாதென்றால் மாதம் இவ்வளவு என்று தொடங்கலாம். சொன்ன பாவத்தையே மன்னிக்கப்பட்டதா என்று சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி சொல்கிறவர்கள் ஒரே சாமியிடம் போய், அவர் போதும் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 28, சனி

நாளைக்குக் குருத்தோலை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நிழலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த ஓலை பிப்ரவரியில் எரியாமல் புகையும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மறுபடி ஒருசந்தியும் சுத்தபோசனமும். இன்று உலகில் எங்கும் திருப்பலி கிடையாது. நேற்று ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்தான் இன்று நற்கருணை. காணிக்கை புனித நாட்டுக்குப் போகிறது. பங்குனி வெயிலில் பிற்பகல் மூன்று மணி வழிபாட்டுக்கு வெறும் வயிறோடு முதியவர்களைக் கூட்டி வராதீர்கள், மதியமே அவர்களுக்குச் சோறு போட்டுவிடுங்கள். சிலுவையை முத்தமிட வரிசை நீளும். குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 4, புனித சனி

முடிந்தவர்கள் வெள்ளி நோன்பை இன்றும் நீட்டலாம், கட்டாயமில்லை. ஈஸ்டர் இரவு வழிபாடான திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. சுருக்கினால் மூன்றுக்குக் குறையக் கூடாது, செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஐ விடவே கூடாது. மெழுகுதிரிக்குக் காகிதக் கிண்ணம் செருகிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் முதுகுப் பட்டில் மெழுகு சொட்டும்.

கடைசிப் பிடியரிசியை இன்று மத்தியானத்துக்குள் கொடுத்துவிட்டால் அந்த வீட்டிலும் நாளைக்கு உலை கொதிக்கும். கோயிலிலிருந்து நள்ளிரவில் திரும்பியதும் நேராக பிரியாணிச் சட்டியைத் திறக்காதீர்கள். நாற்பது நாள் சுருங்கிய வயிறு. இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ எடுத்துக்கொண்டு படுங்கள். கறி காலையில் கொதிக்கட்டும்.