12, 18, 216, 247: ஒரு தகவல் அறிதிறன் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024

அடுத்த மாதம் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தகவல் அறிதிறன், அதாவது தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன், பற்றிச் சில வகுப்புகள் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிறருக்குக் கற்பிக்கும் முன் என் திறனை நானே அளந்து பார்ப்பதுதான் முறை. பிரிட்டனின் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களின் அமைப்பான ஸ்கோனல் 1999இல் வகுத்து 2011இல் திருத்திய ‘ஏழு தூண்கள்’ என்னும் சட்டகத்தை எடுத்துக்கொண்டேன். தேவையை உணர்தல், எவையெல்லாம் கிடைக்கும் என அறிதல், தேடலைத் திட்டமிடுதல், திரட்டுதல், மதிப்பிடுதல், ஒழுங்குபடுத்துதல், எடுத்துரைத்தல் என்பவை அந்த ஏழு.

இவற்றுக்கு எதிரே ‘நன்று’, ‘மிக நன்று’ என்று குறியிடும் வினாத்தாள்கள் ஏராளம் கிடைக்கின்றன. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அவை அளக்கும். தேர்வில் கடைசி நிலையில் நின்றவர்களே தம்மை மிக அதிகமாக மிகைப்படுத்தி மதிப்பிட்டனர் என்று உளவியலாளர்கள் க்ரூகரும் டன்னிங்கும் 1999இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதை நான் கையாளும் விதத்தைப் பதிவு செய்து, கையில் சான்று உள்ள இடத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவதாக முடிவு செய்தேன்.

டிசம்பர் 3

செய்தியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் வந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் சிவலிங்கத்தின் உயரம் 12 அடி, அது உயிரெழுத்துகளின் எண்ணிக்கை. பீடம் 18 அடி, மெய்யெழுத்துகள். கோபுரம் 216 அடி, உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, தமிழ் எழுத்துகளின் மொத்தம். போதாக்குறைக்கு, கோபுர நிழல் தரையில் விழவே விழாது என்னும் வாக்கியமும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் தூண் ‘தேவையை உணர்தல்’. இது ஒரு செய்தி அன்று; அளவு பற்றிய கூற்றுகள், அந்த அளவுகளைச் சோழர்கள் திட்டமிட்டே வைத்தார்கள் என்னும் கூற்று, சூரியன் பற்றிய கூற்று என மூன்று வகைகள் இதில் கலந்துள்ளன. ஒவ்வொன்றையும் தீர்க்கக்கூடிய ஆதாரம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. இவற்றைப் பிரிக்காமல் ‘உண்மையா, பொய்யா’ என்று கூகுளில் தட்டினால், அதே வாசகத்தை வரி மாறாமல் நகலெடுத்த பக்கங்கள்தாம் வந்து நிற்கின்றன. நூறு பக்கங்கள் சொன்னாலும் அவை நூறு சாட்சிகள் ஆகிவிடமாட்டா.

டிசம்பர் 7

மதிப்பிடுதல் பற்றி ஒரு குறிப்பு. ஒரு பக்கத்தின் தோற்றம், தேதி, ஆசிரியர் பெயர், நோக்கம் ஆகியவற்றைப் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பதே நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்த முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைன்பர்க், மெக்ரூ இருவரும் வரலாற்றாசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்களையும் ஒரே பக்கங்களின் முன் அமர்த்திப் பார்த்தபோது, முதல் இரு சாராரில் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்க, சரிபார்ப்பாளர்கள் உடனடியாகப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே. வாட்ஸ்அப் செய்தியிலோ உள்ளே தங்கிப் படிக்க ஆசிரியரும் இல்லை, தேதியும் இல்லை. வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிசம்பர் 10

இன்று முழுவதும், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அடங்கிய, கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியோடு கழிந்தது. இதன் முதல் பகுதி 1891இல் வெளியானது. மின்வடிவில் எளிதாகக் கிடைக்கிறது. அரசனும் அவன் அக்காளும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை அந்தக் கோயிலின் கல் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருக்கிறது என்பதைப் படிக்கப் படிக்க வியப்பு அடங்கவில்லை. விமானத்தின் (செய்தி ‘கோபுரம்’ என்று சொல்வது கருவறைக்கு மேலுள்ள இதைத்தான்) உச்சியில் வைக்க இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3,083 பலம் (பழைய எடை அளவு) என்று அது சொல்கிறது. பொன்னை நிறுத்தது ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால். செப்புத் திருமேனிகளின் உயரத்தை அளந்தது கோயிலில் இருந்த முழக்கோலால், முழமும் விரலுமாக. கோயிலில் ஆடல் பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுகூட இருக்கிறது. இத்தனையும் எழுதி வைத்தவர்கள் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோயிலை அளந்து கட்டியதாக ஒரு வரிகூட எழுதவில்லை.

அதைவிட வலுவான சான்று அந்த முழக்கோல்தான். செய்தியில் உள்ள எண்கள் யாவும் ஆங்கிலேயர் கொண்டுவந்த அடிக்கணக்கில்தான் 12, 18, 216 என்று அமைகின்றன. மீட்டரில் எழுதினாலும் முழத்தில் எழுதினாலும் அந்தப் பொருத்தம் கலைந்துவிடும். சோழத் தச்சன் குஞ்சரமல்லன் எட்டு நூற்றாண்டு கழித்து வரப்போகும் அளவுகோலுக்காகத் திட்டம் தீட்டியிருக்க முடியாது. 247க்கும் இதே கதிதான்: இப்போது நாம் காணும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் சோழர்களுக்குப் பின் வந்த நாயக்கர் காலத்தவை. விமானத்தின் உயரத்தையே சிலர் 216 அடி என்றும் சிலர் 208 அடி என்றும் எழுதுகிறார்கள். செய்தியை இயற்றியவர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார் போலும்.

டிசம்பர் 15

நிழல் கணக்கு. தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். விமானத்தின் உயரத்தை 60 மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், அதன் நடுவிலிருந்து வடக்கே 40 மீட்டர் தொலைவுக்கு நிழல் நீள வேண்டும். அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம் என்பதால், சுவரைத் தாண்டி இன்னும் 25 மீட்டர் தரையில் நிழல் விழும். மாறாக, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதி வாரத்தை ஒட்டியும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. மேலே போகப் போகக் குறுகும் கட்டடமாதலால் அப்போது நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் உச்சிவேளையில் வந்துபோன யாரோ கண்ணால் கண்டதை, நாளையும் வேளையையும் விட்டுவிட்டு இன்னொருவருக்குச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 22

நேரில் போய்ப் பார்த்தேன். பகல் 12.10 அளவில் வடக்குத் திருச்சுற்றில் நிழல் அகலமாக விரிந்து கிடந்தது. தளம் சுட்டதால் செருப்பில்லாத கால்களோடு வந்தவர்கள் அதற்குள்தான் கூடி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 28

இனி மதிப்பெண். தேவையை உணர்தல், திரட்டுதல், மதிப்பிடுதல் ஆகிய மூன்றுக்கும் மேலேயுள்ள பதிவுகளே சான்று. திட்டமிடுதலுக்குப் பாதி தருகிறேன். கல்வெட்டுத் தொகுதியை அடைந்தது முன்பழக்கத்தால், திட்டத்தால் அன்று. ஒழுங்குபடுத்துதலிலும் பாதிதான், ஏனெனில் குறிப்புகள் சில கைபேசியிலும் சில தாளிலுமாகச் சிதறியுள்ளன. எடுத்துரைத்தல் இனிமேல்தான். மூன்று வரி விளக்கம் ஒன்றை நாளை உறவினர் குழுவில் போட இருக்கிறேன். அங்கே பெரியப்பா இருக்கிறார். கோயிலின் பெருமையைக் குறைக்கிறாய் என்பார். ஆகவே முதல் வரியில் செப்புக்குடத்தையும் ஆடவல்லானையும் வைத்துவிட்டு, முழக்கோலை இரண்டாவதாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மாணவர்களுக்கு இந்தச் செய்தியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, ‘இது சரியா’ என்று கேட்காமல், ‘இதைத் தீர்க்க எங்கே போவீர்கள்’ என்று மட்டும் முதல் வகுப்பில் கேட்கப்போகிறேன்.